சல்லடைக்குப் பொறுப்பாளர்

கோயம்புத்தூரில் சனிக்கிழமைதோறும் கணினி நிரல் எழுத வகுப்பு எடுக்கிற ரெஜினாவுக்கு முப்பத்துநாலு வயது. அவளுடைய மாணவர்களில் மூத்தவர் சற்குணம், ஐம்பத்தொன்று. ஒரு மென்பொருள் கம்பெனியில் மேனேஜர். இருந்தும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கற்றுக்கொள்ள வந்த இடத்தில் வயதைக் காட்டி என்ன ஆகப்போகிறது?

அன்றைக்கு வகுப்பு முடிந்தும் மனுஷன் எழுந்திருக்கவில்லை. கையில் ஒரு படிவம்.

அவர் கம்பெனி 'சல்லடை' என்ற கருவியை நம்பிப் பிழைக்கிறது. எழுதிய நிரலில் பிழை இருந்தால் பிடித்துக் கொடுக்கும். ரெஜினாவும் ஊர்பேர் தெரியாத இன்னும் பலரும் சேர்ந்து எழுதியது. யாரும் எடுக்கலாம், பிரிக்கலாம், திருத்தலாம், காசு கிடையாது. இப்போது அவர் கம்பெனிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரி வேலை தரத் தயார். ஆனால் படிவத்தில் ஒரு கட்டம்: 'சல்லடைக்குப் பொறுப்பாளர் யார்?' திங்கட்கிழமைக்குள் நிரப்பாவிட்டால் அந்த வேலை போய்விடும். அவருக்குக் கீழே இருக்கிற பதினெட்டுப் பேர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

"உங்க பேரைப் போட்டுக்கட்டுங்களா டீச்சர்?"

"நாளைக்கே நான் விட்டுட்டுப் போயிட்டா?"

அதுதானே அவருக்கும் பயம். அப்படியானால் இது யாருடையது? எல்லோருக்கும் சொந்தம் என்றால் ஒருத்தருக்கும் சொந்தமில்லை என்றுதானே ஆகிறது? பலபேர் என்று எழுதினால், யார் என்றே தெரியாமல் மொட்டைத்தாதன் குட்டையில் விழுந்த கதையாகிவிடும். யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் கூடியது. போதாக்குறைக்கு, புதிதாக வந்த சல்லடைப் பதிப்பு அவர் கம்பெனியில் ஓடவும் மாட்டேன் என்கிறது.

ஏன் ஓடவில்லை என்று ரெஜினா கேட்டாள். சற்குணம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். பெரிய கோப்பு வந்தால் சல்லடை பாதியில் நின்றுவிடுமாம். மூன்று வருஷத்துக்கு முன்பே அவருடைய ஆட்கள் அதைச் சரிசெய்துவிட்டார்கள், தங்கள் பிரதியில் மட்டும். ஒரு வரிகூட வெளியே போகக்கூடாது என்பது அவரே போட்ட சட்டம். புதுச் சல்லடை வரும்போதெல்லாம் அந்தத் திருத்தத்தை அதில் ஒட்டவைப்பார்கள். இந்தத் தடவை ஒட்டவில்லை.

ரெஜினா மடிக்கணினியைத் திறந்து, சல்லடையின் புகார்ப் பட்டியலில் ஒன்றை அவர் பக்கம் திருப்பினாள். அதே கோளாறு, மூன்று வருஷப் பழசு. அடியில் நாற்பத்தோரு இடத்துக்காரர்கள் புலம்பியிருந்தார்கள். கடைசியாக எழுதியது ஒரு ரத்த வங்கி: 'எங்களிடம் நிரல் எழுத ஆளில்லை. வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.'

சற்குணம் இரண்டு தடவை படித்தார். இதையெல்லாம் யாரும் பார்க்கமாட்டார்களா என்று கேட்டார்.

"நான் பாத்தேன் சார். ஆறு மாசம் மண்டைய உடைச்சேன். எனக்கு வழி தெரியல."

வெட்கமாக இருந்தது அவருக்கு. பிறகு, இன்னும் தெளியாதவராக, படிவத்தைத் தொட்டார்.

"அப்போ இந்தக் கட்டத்துல என்னதானுங்க எழுதறது?"

ரெஜினா படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, பேனா மூடியைக் கழற்றி, முனையை அந்தக் கட்டத்தில் வைத்தாள்.

"உங்க இனிஷியல் என்ன சார்?"