ராஜா தலைக்கு மேலே

ஊர் முழுக்க வாய்க்கால், தெருவுக்குத் தெரு பாலம். அதைச் சுற்றிப் பார்க்க வந்த ராஜா, படகோட்டி பேச்சியிடம் சொன்னார்: "ஒரு இடம் விடாமல் காட்டு. ஆனால் என் தலைக்கு மேலே யாராவது நடந்தால் உன் தலை போகும்."

முதல் பாலம் வந்ததும் பேச்சி படகைக் கரையோரம் நிறுத்தினாள். "மகாராஜா, படியேறி, தெருவைத் தாண்டி, பாலத்துக்கு அந்தப் பக்கம் இறங்கிடுங்க. அங்கே வந்து ஏத்திக்கிறேன்."

ராஜா கிரீடத்தோடு ஏறி இறங்கினார். கோபுரத்தைக் காட்டுவதற்குள் இன்னொரு பாலம், சந்தையைக் காட்டுவதற்குள் இன்னொன்று. அதற்கடுத்த பாலம் வந்தபோது ராஜா மூச்சு வாங்கப் படகிலேயே உட்கார்ந்திருந்தார்.

"அடியிலேயே விடு."

படகு பாலத்தடியில் நுழைந்தது. மேலே சலவைக்காரர் கழுதை டக்டக்கென்று போயிற்று.

பேச்சி துடுப்பை நிறுத்தினாள். "மகாராஜா, என் தலை?"

"அது அங்கேயே இருக்கட்டும். நிழல் சுகமா இருக்கு, மெதுவா ஓட்டு."