கழுவாத தாய்மண்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மரங்கள் வாய்விட்டுப் பேசிய நாளில், சடையன் என்று ஒரு மரவெட்டி இருந்தான். ராஜா கேட்டாரென்று காட்டின் மூத்த மகிழமரத்தை வெட்டி, அரண்மனை முற்றத்தில் கொண்டுவந்து போட்டான். போட்ட இடத்திலேயே கல்லாய்ச் சமைந்துவிட்டான்! வெட்டுண்ட மரம் பேசியது:

"என் கன்று இந்த முற்றத்தில் பூத்தால் இவன் எழுவான். மூன்றே கன்று. மூன்றுக்கு மேல் இல்லை."

சடையன் பெண்டாட்டி இருளாயி காட்டுக்கு ஓடி முதல் கன்றைக் கொண்டுவந்தாள். அந்த அரண்மனையில் ஒரு வழக்கம், கேளுங்கள்: உள்ளே எது வந்தாலும், ராஜாவின் செருப்பே ஆனாலும், ஏழு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவித்தான் விடுவார்கள். கன்றின் வேரையும் கழுவினார்கள். மூன்றாம் நாள் வாடி விழுந்தது. அடுத்த வருஷம் இரண்டாம் கன்று. ஏழு குடம் தண்ணீர். மூன்றாம் நாள் அதுவும் போச்சு.

கல்லின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள் இருளாயி. அழுது முடித்து, செத்த கன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். மண்ணைப் பிடித்திருந்த மயிர்வேர் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கழுவிய தண்ணீரோடு போயிருந்தது.

கடைசிக் கன்றிடம் அவள் அவசரப்படவில்லை. புதுவேர் விடட்டும் என்று கோடையிலேயே கன்றைச் சுற்றிலும் மண்ணை வட்டமாக வெட்டிவிட்டாள். நடும்போது திசை மாறாதிருக்க, கிழக்கு பார்த்த கிளையில் மஞ்சள் துணி கட்டினாள். மழை இறங்கியதும் மண்கட்டியோடு பெயர்த்துக் கோணியில் சுற்றினாள். தூக்கியபோது காட்டு மரமெல்லாம் காற்றே இல்லாமல் தலை சாய்த்தன.

வாசலில் காவலன் குடத்தோடு நின்றான். "கழுவணும்."

"விடமாட்டேன்."

சத்தம் கேட்டு ராஜாவே வந்தார். "என்னம்மா, வழக்கத்தை மாத்தச் சொல்றியா?"

"மகாராஜா, ராணியம்மா பொறந்த வீட்டுச் சீரோட வந்தாங்களே, அதைக் கழுவிக் கொட்டிட்டா விட்டீங்க? இந்த மண்ணு, கன்னுக்கு அதோட அம்மா குடுத்த சீர்."

ராஜா காவலனின் குடத்தைத் தானே வாங்கிக் கீழே வைத்தார்.

மஞ்சள் துணி கிழக்கே பார்க்க நட்டாள். மூன்றாம் நாள் வாடவில்லை. மூன்றாம் மாதம் துளிர்த்தது. மூன்றாம் வருஷம் அவள் பாத்தி கொத்திக்கொண்டிருக்கையில், ஒரு பூ சுழன்று சுழன்று கல்லின் தோளில் விழுந்தது. கல் மூச்சுவிட்டது.

சடையன் கண்திறந்து மரத்தைக் கும்பிட்டான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்துப் பதறினான்.

"இருளாயி, காலெல்லாம் மண்ணா இருக்கே! ராஜா நிக்கிறார், போய்க் கழுவிக்கிட்டு வா."

"இருக்கட்டும்ப்பா," என்றார் ராஜா. "அந்த மண்ணாலதான் நீ நிக்கிறே."

மகிழம்பூ உதிரும் காலமெல்லாம் அவர்கள் சுகமாக இருந்தார்கள். கதை கேட்ட நாமும் இருப்போம்.