சேமியா வெந்த வெள்ளிக்கிழமை

ஆற்றுப்பாலம் இறங்கினால் ஓர் உரக்கடை. அதன் மாடியில் உலகம்மை பாடம் நடத்தினாள். கம்ப்யூட்டர் திரையில் படங்களை அசைய வைக்கிற வித்தை அது. அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஆனாலும் படியேறி வருகிறவர்கள் செருப்பைக் கீழேயே விட்டுவிட்டுத்தான் வருவார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவர் தன் கம்ப்யூட்டரைத் தானே தயார் செய்ய வேண்டும். வேண்டியதையெல்லாம் ஏற்றி, திரையில் வண்ணமாக ஒரு முக்கோணம் வரைந்து காட்ட வேண்டும். முக்கோணம் வந்த அன்றைக்கு அவர் கையால் எல்லாருக்கும் பாயசம். அதற்குப் பிறகுதான் பாடம்.

ஆறுமுகநயினாருக்கு ஐம்பதை நெருங்கிய வயது. மைத்துனரின் பாத்திரக்கடையில் பாதி ஆயுளைக் கழித்தவர். ஒரு நாள் கடைக்கு வந்த யாரோ ஒரு பிள்ளை, தான் வரைந்தது என்று திரையில் தண்ணீர் அலையடிப்பதைக் காட்டிவிட்டுப் போனது. அன்றிலிருந்து அவருக்கு உறக்கம் பிடிக்கவில்லை. நம் ஆற்றையும் இப்படி ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசை ஒட்டிக்கொண்டது.

மாடி வாசலில் வந்து நின்றவரிடம் உலகம்மை கேட்டது ஒன்றுதான்.

"உங்களுக்கு என்ன தெரியும் அண்ணாச்சி?"

"பாத்திரத்தைச் சுண்டிப் பார்த்தா எங்க கீறல் இருக்குன்னு சொல்லிருவேன்."

"சரி, உள்ள வாங்க."

காலியாக இருந்த ஒரு மூலைக் கம்ப்யூட்டர் அவருக்குக் கிடைத்தது. அன்றைக்கே நம்பிக்கையோடு ஒரு சேமியா பாக்கெட் வாங்கி வந்து அதன் பெட்டிமேல் வைத்தார்.

பாக்கெட் வைத்த இடத்திலேயே இருந்தது.

கம்ப்யூட்டருக்குள்ளே கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று இருக்கும், அதுதான் படம் வரையும், அதோடு பேசுவதற்கு டிரைவர் என்று ஒரு மென்பொருள் வேண்டும் என்று படித்துத் தெரிந்துகொண்டார். இருப்பதிலேயே புது டிரைவரைத் தேடி இறக்கினார். 'பொருந்தாது' என்றது. வேறொன்றை இறக்கினார். அது பாதி ஏறி அப்படியே நின்றுவிட்டது. இன்னொன்றைப் போட்டதும் திரையில் எழுத்தெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரி பெருத்துப் போயிற்று.

பக்கத்து நாற்காலியில் ரோஸ்லின். கல்லூரியில் படிக்கிற பெண். வாய் சும்மா இருக்காது.

"அண்ணாச்சி, சேமியாவுக்குள்ள எறும்பு குடும்பம் நடத்துது."

"எறும்பாவது வந்த இடத்துல பொருந்திட்டே, விடு."

மைத்துனர் போன் செய்தார். "அத்தான், கல்யாண சீசன் வருது. கடையில ஆள் இல்ல. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க. ஒண்ணும் வரலைன்னா சனிக்கிழமை கடையைத் திறக்க வந்திரணும். இந்த வயசுல இதெல்லாம் தலையில ஏறுமா?"

நயினாருக்கும் அதே சந்தேகம்தான். சரி என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமையும் வந்தது. அதுவரை கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தவர், காலையில் எழுந்து போய் உலகம்மை முன்னால் நின்றார். அவள் ஜன்னலோரம் கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், எந்த டிரைவரைப் போட்டாலும் பொருந்தாதுன்னே சொல்லுது."

"எதுக்குப் பொருந்தாதாம்?"

"கார்டுக்கு."

"எந்தக் கார்டுக்கு?"

"உள்ள இருக்குற கார்டுக்குத்தான்."

உலகம்மை கேபிளைக் கீழே வைத்தாள். அவர் மூலைக்கு வந்தாள். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே செருகியிருந்த கார்டை மெல்ல உருவி எடுத்து நயினாரின் உள்ளங்கையில் வைத்தாள்.

நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. சின்ன ஃபேனில் தூசி அடை அடையாகப் படிந்திருந்தது. கடைப் பழக்கம் போகுமா? நயினார் அதன் ஓரத்தை நகத்தால் ஒரு தடவை சுண்டிப் பார்த்துக்கொண்டார்.

"இவர் பேரு என்ன?" என்றாள் உலகம்மை.

அவர் திருப்பிப் பார்த்தார். முதுகில் வெளிறிப்போன ஸ்டிக்கரில் ஒரு பெயரும் எண்ணும் இருந்தன. எழுத்துக் கூட்டி வாசித்தார். வாசித்து முடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"ஆளைப் பார்க்காமலே சட்டை தைச்சிருக்கேன்."

"தைச்சது மட்டுமா? ஒண்ணுமேல ஒண்ணா மாட்டியும் விட்டிருக்கீக," என்றாள் ரோஸ்லின்.

தூசியைத் துடைத்துக் கார்டைத் திரும்பச் செருகினார். ஏற்றிய டிரைவர்களையெல்லாம் மிச்சம் மீதி இல்லாமல் நீக்கினார். அந்தப் பெயருக்கும் எண்ணுக்கும் உரிய டிரைவரைத் தேடிப் பிடித்தார். வெகு பழையது. ஒரு முனகல் இல்லாமல் ஏறிற்று. அப்பளமாக இருந்த எழுத்தெல்லாம் தன் அளவுக்கு வந்தது.

புத்தகத்தைப் பார்த்து எழுதி வைத்திருந்த முக்கோணப் புரோகிராமை ஆசையோடு ஓட்டினார். ஒன்றும் திறக்கவில்லை. படம் வரையச் சொல்லும் கட்டளைத் தொகுப்பில் கேட்ட வெர்ஷன் இந்தக் கார்டிடம் இல்லை என்று ஒரே ஒரு வரி வந்து நின்றது.

"டீச்சர், டிரைவர் உக்காந்துட்டு. ஆனா முக்கோணம் வரமாட்டேங்குது."

"நீங்க என்ன கேட்டீக?"

"நாலு புள்ளி ஆறு. இருக்கறதுலயே புது வெர்ஷன்."

"அது என்ன சொல்லிச்சு?"

"இல்லைன்னுச்சு."

"பின்ன என்ன இருக்குன்னு கேட்டீகளா?"

நயினார் நெற்றியில் தட்டிக்கொண்டார். நாற்காலிக்குத் திரும்பிப் போனார்.

மேஜையில் போன் அதிர்ந்தது. மைத்துனர். நயினார் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நாலைந்து வரியில் ஒரு சின்னப் புரோகிராம் எழுதினார். இந்த வெர்ஷன்தான் வேண்டும் என்று அதில் கேட்கவில்லை. உன்னிடம் இருப்பதை வைத்துத் திரையில் ஒரு ஜன்னலைத் திற, என்ன இருக்கிறது என்று சொல், அவ்வளவுதான்.

ஓட்டிய உடனே பதில் வந்தது. மூன்று புள்ளி மூன்று.

யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தது போல இருந்தது அந்த வேகம்.

தன் புரோகிராமில் நாலு புள்ளி ஆறு இருந்த இடத்தையெல்லாம் மாற்றினார். மறுபடி ஓட்டினார். கறுப்பாக ஒரு ஜன்னல் திறந்தது. அதன் நடுவில் முக்கோணம். ஒரு மூலையில் சிவப்பு, ஒன்றில் பச்சை, இன்னொன்றில் நீலம். நடுவில் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து கிடந்தன.

"ஏ, அண்ணாச்சிக்கு வந்துட்டு!" என்று ரோஸ்லின் கத்தியது உரக்கடை வரைக்கும் கேட்டது.

நயினார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு போனை எடுத்தார்.

"மாப்ள, நாளைக்கு நான் வரல."

"என்ன அத்தான், வந்துட்டா?"

"வந்துட்டு. மூணு மூலையும் வந்துட்டு."

சேமியாவை முறத்தில் கொட்டி வெயிலில் வைத்து எறும்பை அனுப்பினார்கள். வறுத்து, பாலில் வேகவிட்டு, ஏலக்காய் தட்டிப் போட்டு நயினாரே இறக்கினார். நல்ல மணம். எல்லாருக்கும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, கடைசியாக உலகம்மையிடம் வந்தார். டம்ளரைக் கொடுத்த பிறகும் நகரவில்லை.

"என்ன அண்ணாச்சி?"

"முக்கோணம் சரி டீச்சர். ஆனா கார்டு பழசு. நான் ஆறு ஓடவிடணும்னுல்லா வந்திருக்கேன். அதுக்கெல்லாம் இது தாங்குமா? பேசாம இதைக் கழத்திட்டுப் புதுசா ஒண்ணு பார்த்தா என்ன?"

உலகம்மை ஒரு வாய் குடித்தாள். சூடு ஆறட்டும் என்று டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு நீங்க வாசல்ல வந்து நின்னப்போ, உள்ள இருந்த பிள்ளைங்க உங்களைக் காட்டி இதையேதான் கேட்டாங்க அண்ணாச்சி."

நயினார் ரோஸ்லினைப் பார்த்தார்.

ரோஸ்லின் டம்ளருக்குள் பார்த்தாள்.