வெள்ளகோவில் வரை தாங்குமா

நாச்சிமுத்துவிடம் எதைக் காட்டினாலும் ஒரே கேள்விதான் வரும். இது எத்தனை கிலோமீட்டர் தாங்கும்?

முப்பத்திரண்டு வருடம் பஸ் டிப்போவில் டயர் பிரிவு. அங்கே ஒவ்வொரு டயருக்கும் ஜாதகம் மாதிரி ஓர் அட்டை உண்டு. என்றைக்கு மாட்டினார்கள், எவ்வளவு தூரம் ஓடியது, எந்த ஊர் எல்லையில் வெடித்தது, எல்லாம் அதில் இருக்கும். ஓய்வு பெற்றுக் கிணத்தடிச் சாமியிடம் சிஷ்யராகச் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. சாமி காதில் மந்திரம் ஓதிய அன்றே, "இது எத்தனை நாள் தாங்குமுங்க?" என்று கேட்டார். சாமி கிணற்றை எட்டிப் பார்த்தார். அந்தப் பார்வையின் சூட்டில் பதினோரு வருடம் வறண்டு கிடந்த கிணற்றுக்கே வியர்த்து, அரையடி தண்ணீர் ஊறியதாகத் தாராபுரம் பக்கம் இன்றைக்கும் சொல்வார்கள்.

சாமி சிஷ்யரைவிட ஒன்பது வயது சின்னவர். இருந்தாலும் குரு என்பதால் 'நீ' என்றுதான் அழைப்பார். பொறுமை போனால் மட்டும் 'நீங்க' வரும்.

அன்று காலை ஏழரை மணிக்கு நாச்சிமுத்து பட்டு வேட்டியில் ஸ்கூட்டரோடு ஆசிரமத்துக்கு வந்து நின்றார். கொக்கியில் தொங்கிய பையில் சீர்ப் புடவையும் நெற்றிப் பட்டமும் இருந்தன. தங்கை மயிலாத்தாளின் மகளுக்கு வெள்ளகோவிலில், அவள் வீட்டிலேயே கல்யாணம். பத்து மணிக்குள் தாய்மாமன் பட்டம் கட்ட வேண்டும். பெண்ணுக்கு வேறு தாய்மாமன் கிடையாது. இரண்டு வருடமாகப் பேசாத தங்கை முந்தாநாள் போன் செய்து அழுதிருக்கிறாள்.

சண்டையெல்லாம் ஒரு பம்புக்காக. அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தவர். அவர் போன பிறகு, அவர் காற்றடித்த பித்தளைப் பம்பு மயிலாத்தாள் வீட்டுச் சுவர் ஆணிக்குப் போய்விட்டது. டயரே தொழிலாக நான் ஒருத்தன் இருக்கும்போது மிளகாய் வியாபாரம் பண்ணுகிற மச்சானுக்குப் பம்பு எதற்கு என்று நாச்சிமுத்து ஒரு நாள் கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு மூன்று முறை சமாதானம் ஆனது. அப்பா திதிக்கு ஆனது எட்டு மாதம் தாங்கியது. மாரியம்மன் நோன்புக்கு ஆனது பதினாறு நாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய பொங்கலுக்கு ஆனது, இலை போட்டு உப்பு வைக்கிற வரைக்கும்தான். ஒவ்வொரு தடவையும் அவர் கண் அந்தச் சுவர்மேல் போனது, வாய் பின்னாலேயே போனது.

"இந்த நாலாவது ஒட்டு எத்தனை நாள் தாங்கும்னு சாமி சொன்னா இப்பவே போறேனுங்க. தாங்காதுன்னா எதுக்குங்க, கல்யாணக் கூட்டத்து முன்னாடி மறுபடியும் கிழிச்சுக்கிட்டு?"

"போ," என்றார் சாமி.

"எத்தனை நாளைக்குங்க?"

"போங்க."

நாச்சிமுத்து சலித்துக்கொண்டே திரும்பியபோது பின் டயரில் ஓர் ஆணி மினுங்கியது. டயரில் ஆணியைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. சாமி வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள் பிடுங்கிவிட்டார். காற்று போன வேகத்தில் ஆசிரமத்துக் கோழி ஒன்று கூரைக்குப் பறந்தது. மூன்று நாள் அது இறங்கவில்லை. முட்டையையும் அங்கேயே இட்டது.

"அது பாட்டுக்குக் குத்தியிருந்தா வெள்ளகோவில் வரைக்கும் அதுவே காத்தைப் பிடிச்சிருக்கும். டயர்ல முப்பத்திரண்டு வருஷம் இருந்தீங்களே, நீங்க."

"தெரியுமுங்க. ஆனா ஆணியை வச்சுக்கிட்டு எப்படிங்க ஓட்டறது?"

பஞ்சர் கடை ஏழு கிலோமீட்டர். முகூர்த்த நாள் என்பதால் அதுவும் பூட்டியிருக்கும். சாமி ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே பஞ்சர் அடைக்கிற திரவம் ஒரு புட்டி, திறக்காமல் இருந்தது. வாங்கி ஒரு வருடம் ஆகிறதாம். ஏன் ஊற்றவில்லை என்று கேட்டார். எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்று புட்டியில் போடவில்லை என்றார் நாச்சிமுத்து. டியூபுக்குச் சூட்டில் ஒட்டின பட்டி, டயருக்குச் சொருகின குச்சி, எல்லாவற்றுக்கும் அவரிடம் கணக்கு இருந்தது. பால் மாதிரி இருக்கிற இந்தத் திரவத்துக்கு மட்டும் இல்லை.

சாமி வால்வைக் கழற்றிப் புட்டி முழுவதையும் உள்ளே கவிழ்த்தார். ஆசிரமத்துக் கைப்பம்பை எடுத்துவந்து இருநூறு குத்துக் குத்தினார். ஓட்டை வழியாக வெள்ளை நுரை புஸ்ஸென்று வந்தது. நாச்சிமுத்து பக்கத்தில் குத்தவைத்து, கடிகாரத்தைப் பார்த்தார். நாலாவது நிமிடம் டயர் படுத்துவிட்டது.

"பாத்தீங்களா சாமி. நாலு நிமிஷம்."

சாமி மறுபடியும் இருநூறு குத்தினார். மறுபடியும் நுரை. இந்த முறை ஐந்து நிமிடம். நாச்சிமுத்து அதையும் சொன்னார். மணி எட்டேகால். ஒருவேளை பழைய சரக்கோ என்று அவர் புட்டியின் அடிப்பாகத்தில் தேதி தேடினார்.

மூன்றாவது இருநூறு முடிந்ததும் சாமி பம்பைக் கீழே போட்டார். சாவியைப் பிடுங்கினார். காவியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினார். பிறந்ததிலிருந்து மாட்டு வண்டி தவிர எதையும் ஓட்டாத மனிதர். கிணற்றைச் சுற்றினார். ஒரு சுற்று, ஐந்து, பதினைந்து. நிறுத்தத் தெரியாததால் இன்னொரு ஆறு. நாச்சிமுத்து, பட்டு வேட்டி தடுக்க, பின்னாலேயே ஓடினார்.

கடைசியில் வைக்கோல் போர் ஸ்கூட்டரை நிறுத்தியது. சாமி இறங்கினார். நாச்சிமுத்து டயரில் காதை வைத்தார். நுரையைக் காணோம். சத்தமும் இல்லை.

"அப்ப ஏனுங்க அடைக்கல?"

"அப்ப வண்டி நின்னுட்டிருந்துது."

நாச்சிமுத்து வண்டியைத் தட்டி, வைக்கோலை உதறினார். பையைக் கொக்கியில் மாட்டினார். ஏறி உட்கார்ந்தார். அடக்கித்தான் பார்த்தார், முடியவில்லை.

"சாமி, இது எத்தனை கிலோமீட்டர்..."

"தங்கச்சி வீடு எவ்வளவு தூரம்?"

"நாப்பத்திரண்டுங்க."

"நாப்பத்திரண்டு."

"திரும்பி வரும்போது காத்து எறங்கிப்போச்சுன்னா? இந்தப் பம்பை வேணா எடுத்துட்டுப் போகட்டுங்களா?"

சாமி குனிந்து பம்பை எடுத்தார். குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு கிணற்று மேட்டில் உட்கார்ந்தார்.

"அங்க ஒண்ணு இருக்கு. மயிலாத்தாகிட்டக் கேட்டு வாங்கி அடி. அடிச்சுட்டு, எடுத்த ஆணியிலயே மாட்டிட்டு வா."