ஏணியில் ஏறவேண்டிய காபி வாசனை

போடிநாயக்கனூர் ரெங்கநாயகி பேக்கரியில் மூன்று மாஸ்டர்கள். மூத்தவர் சுருளியப்பன். யோசிக்கும் வேலை முழுவதையும் அவரே எடுத்துக்கொண்டதால், ஒச்சப்பனும் பரமனும் அந்தச் சிரமமில்லாமல் நன்றாக இருந்தார்கள்.

குமுளி ஹோட்டல் மேனேஜர் காபி மணக்கும் பன் வேண்டுமென்று சொல்லியனுப்பியிருந்தார். அவருக்குப் பிடிக்காவிட்டால் கடையை மூடவேண்டியதுதான். கோயிலுக்குக் கிளம்பிய ரெங்கநாயகியம்மா வாசலில் நின்றபடியே சொன்னார்:

"டிகாஷன் நல்லா இறங்கணும். வாசனை பன்னுல ஏறணும். காபி கொஞ்சம் தூக்கலா இருக்கணும்."

மூன்று வீட்டு உலையும் தன் தலையில்தான் என்று சுருளியப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். முதல் வேலையாக ஏணி கொண்டுவரச் சொன்னார். பில்டரைப் பரண்மேல் வைத்து, டிகாஷன் இறங்க வசதியாக ஏணியைச் சாத்தினார்கள். அரைமணி ஆகியும் அது இறங்கவில்லை. கூச்சமாயிருக்கும் என்று மூவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள்.

அடுத்து வாசனை ஏறவேண்டும். பன் தட்டும் பரணுக்குப் போனது. காபித்தூள் மூட்டை ஏணியடிக்கு வந்தது. அப்போதுதான் ஒச்சப்பனுக்கு ஒரு கவலை.

"இருக்கிறது ஒரு ஏணி. ஏறுறதும் இறங்குறதும் நடுவுல முட்டிக்கிட்டா?"

சுருளியப்பன் கண்ணை மூடி யோசித்தார். "ஏறுறதுக்குத்தான் இறங்குறது வழி விடணும். மலை ரோட்டுல அதுதான் முறை."

மிச்சமிருந்தது தூக்கல். பரமன் ஒரு பானை காபி போட்டு, ஆறியதும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தான். இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும் என்று சுருளியப்பன் அவனை ஸ்டூல்மேல் ஏற்றினார்.

அந்த நேரம் மேனேஜர் உள்ளே வந்தார். பரமன் மரியாதை தெரிந்தவன். இரண்டு கையையும் கூப்பி வணக்கம் வைத்தான். பானை சுருளியப்பன்மேல் கவிழ்ந்தது.

மேனேஜர் ஒரு பன்னைக் கடித்தார். வெறும் பன். முகம் சுளித்தவர், மூக்கை உறிஞ்சியபடி சுருளியப்பனை ஒருமுறை சுற்றிவந்தார்.

"இந்த வாசனைதான் எனக்கு வேணும். இதை அப்படியே குமுளிக்கு அனுப்ப முடியுமா?"

சுருளியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ரெங்கநாயகியம்மா திரும்பி வந்தபோது, மேனேஜரின் வேனில், பன் டிரேயில், முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார் சுருளியப்பன். கழுத்துவரை பட்டர் பேப்பர். மேனேஜரிடம் ஒச்சப்பன் பணிவாகச் சொல்லிக்கொண்டிருந்தான்:

"ரெண்டு நாளைக்குள்ள சாப்பிட்டுருங்க சார். அதுக்குமேல இவரு தாங்க மாட்டாரு."