கறுப்புக் கண்ணாடிக் காவல்

திரவப் படிகங்களுக்குத் திசைக்கொரு குணம் உண்டென்று பாடம் நடத்துவார் பேராசிரியர் திருவேங்கடம். மாணவர்களுக்கு மட்டும் ஒரே குணம்தான், திருட்டுக் குணம் என்று நம்புவார். தேர்வறையில் தன் பார்வை போகும் இடம் யாருக்கும் தெரியக் கூடாதென்று போலராய்டு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்வார்.

அன்று இயற்பியல் தேர்வில் மாணவி இசக்கியம்மாளின் மேசைக்குப் பக்கவாட்டில் வந்து நின்றார்.

"கால்குலேட்டர் திரை கறுப்பாக் கிடக்கு. செத்ததை எதுக்குக் கொண்டுவந்தே? உள்ளே பிட் இருக்கா? கை படாம இதுல நம்பரைக் காட்டு, இல்லேன்னா வெளியே போ!"

"தலையைச் சாய்ச்சுப் பாருங்க சார்."

சாய்த்தார், எண்கள் தெரிந்தன. நிமிர்ந்தார், மறைந்தன. நம்பாமல் மறுபடியும் சாய்த்தார். அறையே வேடிக்கை பார்த்தது.

"என்ன வித்தை காட்டுறே?"

"வித்தை இல்ல சார், ஏழாவது கேள்வி. கால்குலேட்டர்ல இருக்கிற மாதிரி திரவப் படிகத் திரையை, உங்க கண்ணாடி மாதிரி போலராய்டு வழியாத் திசை மாத்திப் பார்த்தா என்ன ஆகும்னு கேட்டிருக்கீங்க. இப்ப ஹாலுக்கே பிட் குடுத்தது நீங்கதான்."