நீலச் சிப்பி

அரியலூர்ப் பக்கம் ஒரு கல் ஆராய்ச்சிக்கூடத்தில் கல்லை ஊறவைத்துச் சலிப்பது அமலோற்பவத்தின் வேலை. சலித்தால் கடுகைவிடச் சின்னச் சிப்பிகள் கிடைக்கும். அவற்றை வைத்துத்தான் கல்லின் வயதைக் கணிப்பார்கள்.

அன்று நிருபர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இயக்குநர் சிங்காரவடிவேலுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"புதுக் கல்லு இன்னும் ஊறலை சார். சல்லடையும் கழுவலை."

"நகரு!"

சல்லடையைப் பிடுங்கித் தானே சலித்தார். நுண்ணோக்கியில் குனிந்தவர் துள்ளிக் குதித்தார். "நீலச் சிப்பி! உலகத்துலேயே இதுதான் முதல்! இந்தக் கல்லுக்குப் பத்துக் கோடி வயசு!"

"இல்லைங்க சார்."

"அப்ப நீயே வயசைச் சொல்லு! தப்பாச் சொன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

கேமராக்கள் அவள் பக்கம் திரும்பின.

"சிப்பியோட வயசு எனக்குத் தெரியாது சார். ஆனா அது இந்தச் சல்லடைக்கு வந்தது செவ்வாய்க்கிழமை, போன கல்லைச் சலிச்சப்ப. ஒவ்வொரு கல்லையும் சலிச்சதும் சல்லடையை நீலச் சாயத்துல முக்குவேன். பழைய கல்லோட சிப்பி ஒட்டியிருந்தா நீலமாயிடும். அடுத்த கல்லுல கலந்தாலும் காட்டிக்கொடுத்துடும்."

ஒரு நிருபர் இயக்குநர் பக்கம் திரும்பிப் பேனாவை எடுத்தார்.

"எதைப் போடட்டும் சார்? பத்துக் கோடி வருஷமா, செவ்வாய்க்கிழமையா?"